பழைய வீட்டின் அஸ்பெஸ்டஸ் சீற்: எப்போது விட்டுவிடுவது, எப்படிக் கழற்றுவது

மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் எங்கள் அம்மாவின் வீட்டுக்கு இரண்டு விதமான கூரை. முன்பக்கம் ஓடு. 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளி அடுக்களையையும் பின் விறாந்தையையும் பறித்துக்கொண்டு போன பிறகு அப்பா மீண்டும் கட்டிய பின்பக்கம் அஸ்பெஸ்டஸ் சீற். ரொறன்ரோவில் வசிக்கும் மைத்துனர், தம் வீட்டு முகட்டுத் தளத்தில் கொட்டப்பட்டிருந்த குளிர்காப்புப் பொருளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருப்பது சோதனையில் தெரியவந்த அன்றே எங்களுக்கும் தொலைபேசி எடுத்து, "மச்சான், அந்தச் சீற்றெல்லாத்தையும் உடனே கழட்டி எறிஞ்சிருங்க" என்றார். அக்கறையில் சொன்ன சொல்தான். ஆயினும் அவர் வீட்டுப் பொருளும் எங்கள் வீட்டுப் பொருளும் ஒன்றல்ல; கழற்றி எறிவது எங்கள் பொருளுக்குச் செய்யவே கூடாத காரியம்.

குளிர் நாடுகளில் வீட்டின் சூடு வெளியேறாதிருக்கச் சுவரிடுக்கிலும் கூரைக்கு அடியிலும் பஞ்சு போன்றோ சிறு கற்செதில் போன்றோ உள்ள பொருளை நிரப்புவார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்னும் ஊரில் 1990 வரை தோண்டப்பட்ட வேர்மிகுலைற் என்ற செதில் அவ்வாறுதான் வட அமெரிக்க வீடுகளுக்குள் போனது. அந்தச் சுரங்கத்தின் பாறையிலேயே அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அவுஸ்திரேலியாவின் கன்பராவில், 1960களின் இறுதியிலும் 1970களிலும், தூய அஸ்பெஸ்டஸ் பஞ்சையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கூரைக்குள் நிரப்பினார்கள். பின்னாளில் அரசே அவ்வீடுகளில் பெரும்பாலானவற்றை விலைக்கு வாங்கி இடிக்க நேர்ந்தது. அவையெல்லாம் விரல் பட்டாலே உதிர்பவை. நம் கூரையில் இருப்பது சீமெந்தோடு கலந்து இறுகியது. நெளி சீற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே நார், மிகுதி சீமெந்து. அந்தச் சீமெந்து நாரைப் பிடித்து வைத்திருக்கும் வரை, அதன்கீழ் உண்பதாலும் உறங்குவதாலும் அஞ்சத்தக்க தீங்கு ஏற்படுவதில்லை. பிடி விடுவது வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், உரசும்போதும், எரிக்கும்போதும் ஆகும்.

பிடி விட்ட நார் என்ன செய்யும் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அஸ்பெஸ்டஸ் மண்ணிலிருந்து எடுக்கப்படும் ஒரு கனிமம். நீளவாக்கில் பிளந்து பிளந்து, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாகும். அந்த இழை மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். உடல் அதைக் கரைக்கவும் மாட்டாது, வெளியேற்றவும் மாட்டாது. நுரையீரல் தழும்பேறி இறுகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் ஆகியவை அதன் விளைவுகள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகை அஸ்பெஸ்டஸையும், கூரைச் சீற்றில் உள்ள வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட, மனிதருக்குப் புற்றுநோய் தருவனவற்றின் முதற் பிரிவில் வைத்துள்ளது. நோய் தலைகாட்டப் பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் ஆகும். "நான் முப்பது வருஷமா சீற் வெட்டுறன், எனக்கு ஒன்டும் இல்ல" என்று மேசன் ஒருவர் சொன்னால் அது பொய்யன்று. ஆனால் அந்த முப்பது வருடம் இன்னும் முடியாத கணக்கு.

எங்கள் வீட்டிலேயே ஒரு பிழை நடந்தது; அதை மறைத்துவிட்டு மற்றவர்க்கு வழி சொல்வது முறையாகாது. சில ஆண்டுகளுக்கு முன் தண்ணீர்த் தாங்கிக்குக் குழாய் கொண்டுபோக, அடுக்களைச் சீற்றில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்ட வேண்டியிருந்தது. வந்தவர் கிறைண்டரை எடுத்து ஒரு நிமிடத்துக்குள் வெட்டி முடித்தார். முகத்தில் ஒரு லேஞ்சி மட்டும். வெள்ளைப் புகை போல் எழுந்த தூசு முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்த அரிசி மாவின் மேலும், கொடியில் கிடந்த உடுப்பின் மேலும் படிந்தது. அம்மா தும்புத்தடியால் அடுக்களையைக் கூட்டினார்; யன்னல் வெயிலில் தூசு மின்னிக்கொண்டு மீண்டும் மேலெழுந்தது. வெட்டிய விளிம்பைப் பிறகு நான் கிட்டப் பார்த்தேன்: சாம்பல் நிறச் சீமெந்துக்குள்ளிருந்து, உடைந்த தும்புக் கயிற்றின் நுனி போல மென்மையான வெண்மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பட்ட தூசு சிறிது நேரத்தில் படிந்துவிடும். கண்ணுக்குப் படாத இழை காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். கூட்டினால் மறுபடியும் எழும். அன்று செய்த எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வதே சரியான முறை.

ஆகவே முதலில், வீட்டில் எங்கெங்கே இருக்கிறது என்று கணக்கெடுங்கள். கூரையின் நெளி சீற், முகட்டு மூடி, தட்டையான சீலிங் சீற், குளியலறை மறைப்பு, பழைய கழிவுநீர்க் குழாய், சில வீடுகளில் பீலி ஆகியவை பார்க்க வேண்டிய இடங்கள். கூரையிலிருந்து எஞ்சிய துண்டுகளையும் மறந்துவிடாதீர்கள். கோழிக்கூட்டின் மேலும், கிணற்றுக் கட்டின் மேலும், மல்லிகைப் பாத்தியின் ஓரத்திலும் அவைதான் இருக்கும். பழைய நெல் ஆலையிலிருந்தோ தொழிற்சாலையிலிருந்தோ ஏலத்தில் எடுத்த நீராவிக் குழாயில் வெண்சாந்து போன்ற உறை சுற்றப்பட்டிருந்தால் அது வேறு சாதி: அதுதான் மைத்துனர் வீட்டுப் பொருளின் உறவு. அதைத் தொடாமல், அதிர்ந்து உதிராதபடி விட்டு விலகி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டபின்பே ஏதும் செய்யுங்கள்.

பார்வையால் மட்டும் அஸ்பெஸ்டஸ் உண்டா இல்லையா என்று எவராலும் அறுதியிட முடியாது. நுண்நோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நார் கலக்காத சீற்றும் இப்போது விற்பனையில் உண்டு, வர்ணம் பூசிய சீற்றிலும் நார் இருப்பதுண்டு. பழைய சீமெந்துச் சீற் என்றால் அஸ்பெஸ்டஸ் இருப்பதாகவே எண்ணி நடந்துகொள்வதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். சோதனைக்கென்று ஒரு துண்டை உடைத்துப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன்; அந்தச் சோதனையே தீங்கு. இதற்கிடையில் ஒன்று: நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் முன்பே தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸைப் படிப்படியாக நிறுத்தும் திட்டமும் வந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகக் கூறி ரஷ்யா நமது தேயிலையைத் தடுத்தபோது அத்திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ரஷ்யாதான் உலகில் மிக அதிகமாக அஸ்பெஸ்டஸ் தோண்டும் நாடு. கடையில் விற்கிறார்களே, தீங்கென்றால் விற்பார்களா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வது.

சீற் வெடிக்காமல், விளிம்பு உதிராமல், ஒழுகாமல் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பாசி பிடித்துக் கறுத்திருப்பது அழகில்லை என்பதற்காகக் கம்பித் தூரிகையால் உரசுவதோ, வாகனம் கழுவும் அழுத்தத் தண்ணீர் மெசினால் அடிப்பதோ கூடவே கூடாது. அழுத்தத் தண்ணீர் மேற்பரப்புச் சீமெந்தை அரித்து நாரை வெளிக்காட்டும், அந்தச் சேறு சுவரிலும் கிணற்றடியிலும் காய்ந்து தூசாகும். பாசி பிடித்த கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பது சுரண்டிய கூரைக்குக் கீழே இருப்பதைவிட நல்லது. கூரைமேல் சாய்ந்த தென்னையின் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் மாரிக்கு முன்னரே இறக்கிவிடுங்கள். நம் பக்கத்தில் சீற் உடைவது பெரும்பாலும் அவற்றால்தான், அடுத்தபடியாகக் குரங்குகளால். சிறு வெடிப்பென்றால் அந்த இடத்தை ஈரத் துணியால் ஒற்றித் துடைத்து, காய்ந்தபின் கூரைக்கென்று விற்கும் நீர்தடுப்பு நாடாவை ஒட்டினால் போதும். துடைத்த துணியை அலசி மறுபடி பயன்படுத்தாமல் ஈரத்தோடு பொலித்தீன் பையில் கட்டுங்கள்.

வெக்கைக்காகச் சீற்றின் கீழ் வெள்ளித்தாள் ஒட்டிய நுரைத் தகடு அடிப்பது இப்போது பரவலாகி வருகிறது. அந்தத் தகட்டில் அஸ்பெஸ்டஸ் இல்லை. அதைப் பொருத்தும் முறையில்தான் கவனம் வேண்டும். சீற்றில் துளையிட்டுத் தொங்கவிடாமல் குறுக்கு மரங்களில் மட்டும் ஆணியடிக்கச் சொல்லுங்கள். சீலிங் சீற்றில் மின்விசிறிக்கோ விளக்குக்கோ துளை தவிர்க்க முடியாதென்றால், மின்சாரத் துளைகருவியை விட்டு, கையால் சுழற்றும் துளைகருவியை எடுத்து, துளையிடும் இடத்தில் சவரக் கிறீம் நுரையைத் தடிப்பாக அப்பி, அதனூடாக மெதுவாகத் துளைத்து, தூளைப் பிடித்துக்கொண்ட அந்த நுரையை ஈரத் துணியால் வழித்தெடுங்கள். மரநாய் குடியிருந்து மணம் வீசுவதால் சீலிங்கையே பிடுங்க நினைப்பவர்கள் முதலில் அது நுழையும் இடைவெளியை, அது வெளியே போன இரவொன்றில், கம்பி வலையால் அடையுங்கள். வருடக்கணக்கான குப்பை கிடக்கும் சீலிங்கைத் தடியால் குத்தி விழுத்துவதைப் போல் மோசமான வேலை இதில் வேறில்லை.

பீலி பற்றியும் ஒரு சொல். பழைய சீற்றிலிருந்து மழையோடு கழுவுண்டு வரும் நார் பீலியின் அடியில் சேறாகத் தங்கும். அதை வெயில் காலத்தில் காய்ந்தபின் சுரண்டாமல், மழை ஓய்ந்த மறுநாள் ஈரத்தோடு அள்ளிப் பையிலிடுங்கள். கூரைத் தண்ணீரைக் குடித்ததால் நோய் வரும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் குடிநீரில் அஸ்பெஸ்டஸுக்கென்று எல்லை அளவு எதையும் விதிக்கவில்லை. ஆயினும் சிதைந்த கூரையின் தண்ணீரை மரத்துக்கு விட்டு, கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதே என் வழக்கம்.

இனிக் கழற்றும் வேலை. பல சீற்றுகள் வெடித்து, ஆணித் துளைகள் பெருத்து, மரமும் உழுத்துப்போனால் கழற்றத்தான் வேண்டும். இதைப் பழகிய ஆட்களிடம் கொடுப்பதே நல்லது. கொடுத்தாலும் எப்படிச் செய்ய வேண்டும் என்பதை வீட்டுக்காரர் அறிந்து, கூலி பேசும்போதே சொல்லிவிட வேண்டும். வேலை தொடங்கியபின் சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள். அதற்கும் முன்னதாக, கழற்றிய சீற் எங்கே போகும் என்பதைப் பிரதேச சபையிலும் சுற்றாடல் அதிகாரசபையிலும் கேட்டு முடிவு செய்யுங்கள். இடம் தெரியாமல் கழற்றிய சீற்தான் இரவோடு இரவாக வாவிக்கரைக்குப் போகிறது.

காலம் பார்ப்பதும் முக்கியம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது இந்த வேலையைத் தொடவேண்டாம். ஒரு வளவின் தூசு நாலு வளவுக்குப் போகும். மாரி மழையில் கூரையைத் திறக்கவும் முடியாது. மாசி, பங்குனியில், காற்று எழுமுன் விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுவது எங்களுக்குச் சரியாக வந்தது. முதல் நாளே அயல் வீடுகளுக்குச் சொல்லி யன்னல்களை அடைக்கச் செய்து, பிள்ளைகளையும் ஆடு கோழிகளையும் அப்புறப்படுத்தி, கிணற்றை மூடிக் கட்டி, வீட்டுக்குள்ளிருந்த பாய், உடுப்பு, பாத்திரங்களை வெளியேற்றி, நிலத்தில் தடித்த பொலித்தீன் விரியுங்கள். கூரை மரத்தோடு கம்பி ஓடுவதால் பிரதான மின்னாளியை நிறுத்துங்கள்.

மேலே ஏறுவது பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சீற் ஆளைத் தாங்காது. நாரால் வரும் நோய்க்குப் பல்லாண்டு வேண்டும். சீற் முறிந்து சீமெந்துத் தரையில் விழுபவர் அன்றே இறந்துபோகலாம். ஆணி வரிசை போகும் இடத்தில்தான் கீழே குறுக்கு மரம் இருக்கிறது. இரண்டு மூன்று மரங்களைக் கடந்து கிடக்கும் அகலப் பலகையைப் போட்டு அதன்மேல் மட்டுமே நிற்க வேண்டும். முடிந்தால் கூரைமேல் ஏறாமல், உள்ளே சாரம் கட்டி நின்று கழற்றுவதே மேல். நனைக்க வேண்டும், நனைத்தால் வழுக்கும் என்ற சங்கடமும் இதனால் தீரும்: ஏணியிலும் சாரத்திலும் நின்று நனைத்து, நனைந்த சீற்றின்மேல் எவரும் கால் வைக்காதிருக்கலாம்.

நனைப்பதற்கு வயலுக்கு மருந்தடிக்கும் தெளிகருவியைப் போல் வசதியானது வேறில்லை. பலமுறை கழுவி மருந்து மணமே இல்லாததாக்கிக்கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டால் தண்ணீர் சீற்றுக்குள் இறங்கும். வெறும் தண்ணீர் மேலோடு ஓடிவிடும். பீய்ச்சி அடிக்காமல், மூடுபனி போல் மெதுவாகத் தெளித்து, வேலை முடியும்வரை காயவிடாதீர்கள். துருப்பிடித்த போல்ற்றைச் சுத்தியலால் அடித்தோ சீற்றை நெம்பியோ எடுக்காமல், போல்ற் வெட்டும் கத்தரியால் தலையை வெட்டி, சீற்றை முழுதாகத் தூக்குங்கள். முகட்டு மூடி முதலில். பிறகு போட்ட வரிசைக்கு எதிர் வரிசையில், மேலே கிடப்பது முதலில். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் கைமாற்றி, சாய்த்து வைத்த பலகையில் சறுக்கி இறக்க வேண்டும். மேலிருந்து போட்டு உடைக்கும் ஆளை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

லேஞ்சியும், கொரோனாக் காலத்தில் மிஞ்சிய நீல முகக்கவசமும் இந்த வேலைக்கு உதவா. எஃப்எஃப்பி3 அல்லது பி100 என்று குறிக்கப்பட்ட முகக்கவசம் வேண்டும். அது முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடியுள்ளவர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் தள்ளி நின்று செய்யும் வேலையை எடுத்துக்கொள்ளட்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, தொப்பி ஆகியவை எறிந்துவிடக்கூடிய பழையனவாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் உடுப்பை உதறாமல், நனைத்துக் கழற்றிப் பையிலிட்டு, முகக்கவசத்தைக் கடைசியாகக் கழற்றி, கிணற்றடியில் தலையோடு குளித்தபின்பே வீட்டுக்குள் வர வேண்டும். அஸ்பெஸ்டஸ் தொழிற்சாலைக்கே போகாத பெண்கள், கணவரின் வேலை உடுப்பைத் துவைத்தே நோய்ப்பட்ட வரலாறு பல நாடுகளில் உண்டு.

துப்புரவுக்குத் தும்புத்தடி வேண்டாம். வீட்டுத் தூசு உறிஞ்சியும் வேண்டாம்; அது முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் ஊதும். துண்டுகளை நனைத்துக் கையுறையோடு பொறுக்கி, தரையையும் மரங்களையும் ஈரத் துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியையும் கழிவோடு சேருங்கள். மண் முற்றத்தில் தூள் சிந்தியிருந்தால் அந்த இடத்தின் மேல்மண்ணை நனைத்து ஓர் அங்குலம் வழித்தெடுங்கள். முழுச் சீற்றுகளை அடுக்கி, 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலித்தீனால் இரண்டு சுற்றுச் சுற்றி நாடா ஒட்டுங்கள். துண்டுகளையும் அவ்வாறே இரண்டு பையில் போடுங்கள். மேலே "அஸ்பெஸ்டஸ், உடைக்க வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக எழுதுங்கள். குப்பை ஏற்ற வருபவர் எந்த மொழிக்காரர் என்று முன்கூட்டித் தெரியாது. வீட்டுக் குப்பையோடு சேர்த்தால் நசுக்கும் லொறிக்குள் போய்விடும். எரித்தால் சீற் பட்டாசு போல் வெடித்துச் சிதறும். அடுப்புக் கல்லின் கீழ் துண்டு வைப்பவர்கள் இதை அறிவார்கள். உடைத்துப் பள்ளமான ஒழுங்கையில் கொட்டுவது எல்லாவற்றிலும் கேடு, ஏனெனில் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் அதை மறுபடி அரைக்கும். எடுத்துச் செல்லும்வரை ஆள் நடமாட்டமில்லாத மூலையில், நிலத்தில் படாமல் கட்டை வைத்து அடுக்கி மூடி வையுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சீற் வாங்கவோ விற்கவோ வேண்டாம்.

சூறாவளிக்கோ வெள்ளத்துக்கோ பிறகு இந்த ஒழுங்கெல்லாம் ஒரு நாளில் நடவாது. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின் கல்லடியிலும் கல்முனையிலும் உடைந்த சீற்றும் ஓடும் மரமும் ஒரே குவியலாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அப்படி ஒரு நேரத்தில் இரண்டை மட்டும் செய்யுங்கள்: குவியலைக் கிளறுமுன் நனையுங்கள், சீற்றுத் துண்டை மற்றக் கழிவிலிருந்து பிரித்துத் தனியே வையுங்கள். வெறுங்காலோடு பிள்ளைகள் பொறுக்க வருவார்கள்; அவர்களைத் தடுப்பதற்கென்றே ஒருவரை நிறுத்துங்கள்.

முன்பு எப்போதோ தூசு பட்டுவிட்டதென்று இன்று கலங்க வேண்டியதில்லை. ஆபத்து, எவ்வளவு, எத்தனை காலம் சுவாசித்தோம் என்பதைப் பொறுத்தது. எங்கள் அடுக்களையில் அன்று நடந்ததைப் போன்ற ஒரு நாள் விபத்தால் வரும் ஆபத்து சிறியது. உடனே நெஞ்சுப் படம் எடுத்தாலும் அதில் எதுவும் தெரியாது. வருடக்கணக்காகச் சீற் வெட்டியவர்களின் நிலை வேறு. அவர்கள் மூச்சிளைப்பு, நெடுநாள் இருமல் என்று வைத்தியரிடம் போகும்போது தம் தொழிலைக் கட்டாயம் சொல்ல வேண்டும்; கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். புகைப்பவரானால் விட்டுவிட வேண்டும், ஏனெனில் புகையும் இந்த நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோயின் ஆபத்து பல மடங்காகும்.

அம்மா வீட்டுப் பின் விறாந்தையைச் சென்ற பங்குனியில் கழற்றி ஓடு போட்டோம். அடுக்களைச் சீற் நன்றாக இருப்பதால் அப்படியே விட்டிருக்கிறோம். கிறைண்டர் வெட்டிய விளிம்புக்கு மட்டும் ஈரத் துணியால் ஒற்றி இரண்டு பூச்சு வர்ணம் அடித்தேன். எந்த அறையில் சீற் மிஞ்சியிருக்கிறது, குளியலறைக்குப் போகும் பழைய குழாய் எந்த இடத்தில் நிலத்துக்குள் ஓடுகிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து, வீட்டு உறுதி இருக்கும் கோப்புக்குள் வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பின் கூரையைத் திறக்க வருபவர் கிறைண்டரை எடுக்குமுன் அதைப் பார்க்கட்டும்.